பொருள்: காற்றாலை வழியாக நாட்டுக்கு நாடு போகும் கேபிளுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

எல்லோருக்கும் வணக்கம்.

வியட்நாம் கடலில் காற்றாலைகள் நிறுத்தி, அந்த மின்சாரத்தைக் கடலடி கேபிளில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவரும் யோசனை பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1.2 கிகாவாட் வரை இறக்குமதி செய்ய 2023 அக்டோபரில் சிங்கப்பூர் நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தது. 2025 மே மாதம் இங்கே கே.எல்.லில் நடந்த ஆசியான் உச்சநிலை மாநாட்டை ஒட்டி, மூன்று நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆராய ஒப்பந்தம் போட்டன. இதுவரை சிக்கல் இல்லை. கட்டுரையின் பின்பாதி ஐரோப்பாவுக்குப் போகிறது, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

'ஹைப்ரிட் இன்டர்கனெக்டர்' என்பதற்குக் 'கலப்பின இணைப்பான்' போடலாமா? 'ஆஃப்ஷோர் விண்ட்' என்பதற்குக் 'கடலோரக் காற்றாலை', 'கிரிட்' என்பதற்கு 'மின்கட்டம்' என்று இணையத்தில் கிடக்கிறது. மூன்றுமே உறுத்துகின்றன. மின்சார வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனுப்புநர்: பட்டர்வொர்த், பினாங்கு

தங்கச்சி, உறுத்துவது சரிதான்.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். கடலோரம் என்றால் கரை. எங்கள் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் நின்றால் அது கடலோரக் காற்றாலை. இங்கிலாந்தின் ஹார்ன்சீ 2 கரையிலிருந்து கிட்டத்தட்ட 89 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, அதைப் போய்க் கடலோரம் என்பதா? 'கடல் காற்றாலை' போதும். 'கடற்காற்றாலை' என்று சேர்த்தால் கடற்காற்று ஆலை என்றும் பிரிப்பார்கள், அதனால் தள்ளியே எழுதுங்கள். மிதக்கும் வகைக்கு 'மிதவைக் காற்றாலை'. ஸ்காட்லாந்தில் 2017 முதல் ஓடும் ஹைவிண்ட் அந்த வகை. கிரிட்டுக்கு 'மின்தொகுப்பு' போடுங்கள். தமிழ்நாட்டுச் செய்திகளில் 'மத்திய மின்தொகுப்பு' ரொம்ப நாளாக அடிபடுகிறது, புரியாதவர் இல்லை.

இனி பெரியது. கலப்பின மாடு உண்டு, கலப்பின நெல் உண்டு. இங்கே எதுவும் எதோடும் சேர்ந்து குட்டி போடவில்லை. 'இணைப்பான்' என்பதும் வேண்டாம். கடையில் கேட்டால் கட்டைவிரல் அளவில் ஒரு பொருளை எடுத்துக் கொடுப்பார்கள். கடலுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிற ஒன்றுக்கு அது ஒட்டாது.

பெயர் வைக்கும் முன் அந்தக் கேபிள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கடலில் மூன்று வகைக் கேபிள் இருக்கிறது.

ஒன்று, காற்றாலையிலிருந்து கரைக்கு வருவது. 1991-இல் டென்மார்க்கில் விண்டபி என்ற இடத்தில் 11 காற்றாலைகளை வைத்து உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை ஆரம்பித்தார்கள். மொத்தமே 5 மெகாவாட் அளவுதான், கரையும் பக்கம். இன்று இங்கிலாந்தின் டாகர் பேங்க் காற்றாலைப் பண்ணை கரையிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்தத் தொலைவுக்கு மாறுதிசை மின்னோட்டம் சரிப்படாது. அது ஒரு நொடியில் 50 சுற்று திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கேபிளே மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு மின்தேக்கி போல நிரம்பி வடிகிறது. நீளம் கூடக் கூட, அப்படி நிரம்பி வடிவதற்கே கேபிளின் கொள்ளளவு போய்விடும். அதனால் நடுக்கடலிலேயே மாற்றி நிலையம் கட்டி, ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டமாக்கி அனுப்புகிறார்கள்.

இரண்டு, நாட்டுக்கு நாடு போவது. டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய வைக்கிங் லிங்க் 765 கிலோமீட்டர், 1.4 கிகாவாட். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டுப் பக்கமே ஒன்று இருக்கிறது. கெடா குரூணிலிருந்து தாய்லாந்தின் கிலோங் ஙேவுக்கு 110 கிலோமீட்டர், 300 மெகாவாட் நேர்திசை லைன். அது கடலில் இல்லை, நிலத்தின் மேல் போகிறது. தூரம் அதிகம் என்பதற்காக அதை நேர்திசையாக்கவில்லை. இரண்டு நாட்டுத் தொகுப்பும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒரே தாளத்தில் ஓடவில்லை. தாளம் சேராத இரண்டை நேராகக் கட்டினால் இரண்டும் விழும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வி. காற்று எல்லா நாளும் முழு வேகத்தில் வீசாது. கரைக்குப் போட்ட விலை உயர்ந்த கேபிளில் பல நேரம் பாதி இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்து நாட்டுக் காற்றாலையும் அருகிலேயே இருந்தால், இரண்டு ஆலைக்கும் நடுவில் ஒரு துண்டு கேபிள் போட்டுவிடலாம். காற்று அடிக்கும்போது ஆலை மின்சாரம் போகும், குறையும்போது அந்தக் காலி இடத்தில் இரு நாடும் வாங்கி விற்கும். பால்டிக் கடலில் டென்மார்க்கின் கிரீகர்ஸ் ஃபிளாக், ஜெர்மனியின் பால்டிக் 2 என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளும் இப்படித்தான் கட்டப்பட்டன. 400 மெகாவாட், 2020 அக்டோபரில் திறந்தார்கள். அங்கேயும் குரூண் கதைதான். கிழக்கு டென்மார்க் ஸ்காண்டிநேவிய நாடுகளின் தாளத்தில் ஓடுகிறது, ஜெர்மனி ஐரோப்பிய நிலப்பகுதியின் தாளத்தில். ஜெர்மனியில் ரோஸ்டாக் பக்கம் பென்ட்விஷ் என்ற இடத்தில் ஒரு மாற்றி நிலையம் வைத்துத்தான் சேர்க்க முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் சட்டம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நாடுகளுக்கு இடையிலான இணைப்பில் குறைந்தது 70 விழுக்காட்டு இடத்தை வணிகத்துக்குத் திறந்துவிட வேண்டும். ஆனால் கிரீகர்ஸ் ஃபிளாக்கில் முதல் உரிமை காற்றாலைக்கு. காற்று நன்றாக அடிக்கிற நாளில் வணிகத்துக்கு 70 எங்கிருந்து வரும்? அப்போ இது ஆலையின் கேபிளா, நாடுகளின் கேபிளா? இரண்டும்தான். சட்டத்தில் அதற்கு இடமில்லை. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் விதிவிலக்கு கொடுத்துத்தான் சமாளித்தது. பிரிட்டன் 2023-இன் எரிசக்திச் சட்டத்தில் இதற்கென்று தனி வகையே உண்டாக்கிவிட்டது. தமிழில் இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் ஒரே பெயர் வைத்தால், உங்கள் வாசகருக்கு இந்த வழக்கே விளங்காது.

வெறும் வாய்ச்சண்டை என்று நினைக்க வேண்டாம். 2023-இல் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகரில் ஒன்பது நாடுகள் கூடி, 2050-க்குள் வடகடல் பகுதியில் 300 கிகாவாட் என்று இலக்கு வைத்தன. ஆளுக்கொரு கேபிளைத் தன் தன் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.

என் யோசனை: முதல் வகை 'கரையிணைப்பு'. இரண்டாவது 'நாட்டிடை இணைப்பு'. மூன்றாவது 'ஆலைவழி இணைப்பு'.

அனுப்புநர்: செந்தூல், கோலாலம்பூர்

பிரிட்டன் சட்டத்தில் அதன் பெயர் 'மல்ட்டி-பர்ப்பஸ்' என்றுதானே இருக்கிறது? அப்படியே 'பல்நோக்கு இணைப்பு' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அனுப்புநர்: ஆயர் ஈத்தாம், பினாங்கு

பல்நோக்கு என்று கேட்டதும் எனக்குப் பல்நோக்கு மண்டபமும் அங்கே நடக்கும் கல்யாண விருந்தும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை நோக்கம், என்ன நோக்கம் என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை.

நான் தமிழ் வாத்தியாரம்மா, மின்சாரம் தெரியாது. ஆனால் பட்டர்வொர்த் ஐயா சொன்னதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. மூன்றுக்கும் கரையையே அளவாக வைத்தால் என்ன? ஆலையிலிருந்து ஒரு கரைக்குப் போனால் 'ஒருகரை இணைப்பு'. இரண்டு நாட்டுக் கரைக்கும் போனால் 'இருகரை இணைப்பு'. நாளைக்குப் பல நாடுகள் சேர்ந்தால் 'பலகரை இணைப்பு'. ஒரே வேரிலிருந்து கிளைக்கிற சொற்கள் மாணவர்களுக்கு எளிதில் மனதில் நிற்கும். 'ஆலைவழி' சரிதான், ஆனால் தனியாக நிற்கிறது, குடும்பம் இல்லை.

அனுப்புநர்: பட்டர்வொர்த், பினாங்கு

டீச்சர், கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வைக்கிங் லிங்க்கும் இரண்டு கரையைத் தொடுகிறதே, நடுவில் ஒரு காற்றாடிகூட இல்லாமல். எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து நம் பினாங்குத் தீவுக்கு வருகிற கடலடி கேபிளுக்கும் இரண்டு கரைதான். அதுவும் இருகரை இணைப்பு ஆகிவிடும். எந்த இடத்தில் பிரித்துக் காட்ட வேண்டுமோ அங்கேயே கரை நம்மைக் கைவிடுகிறது. நடுவில் ஆலை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, அதனால் ஆலை பெயரில் வந்தாக வேண்டும்.

'பலகரை'யை மட்டும் நான் விடமாட்டேன். ஒரே கடலில் பல ஆலைகளும் பல நாடுகளும் வலைபோலக் கோத்துக்கொள்ளும் திட்டங்களைப் பேசுகிறார்கள். அதற்குப் 'பலகரை மின்தொகுப்பு' என்று உங்கள் சொல்லையே வைத்துக்கொள்வோம். அங்கே எத்தனை நாடு என்பதுதான் விஷயம், அதைக் கரை சரியாகச் சொல்லிவிடுகிறது.

அனுப்புநர்: ஆயர் ஈத்தாம், பினாங்கு

பிறை கேபிளைக் காட்டி மடக்கிவிட்டீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 'நாட்டிடை' மட்டும் நாக்கில் இடறுகிறது. 'நாடிணைப்பு' என்றால் ஒரு நாட்டைப் பிடித்து இன்னொன்றோடு சேர்ப்பது போல ஆகிவிடும், அதனால் இருக்கட்டும்.

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ரொம்ப நன்றி ஐயா, டீச்சர். இப்படி எழுதியிருக்கிறேன்:

"நாட்டிடை இணைப்பு மின்சாரத்தை ஒரு தொகுப்பிலிருந்து இன்னொரு தொகுப்புக்குக் கொண்டுபோகிறது. ஆலைவழி இணைப்பு அதோடு நடுக்கடல் காற்றாலையின் மின்சாரத்தையும் ஏற்றிக்கொள்கிறது. நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான 1.8 கிகாவாட் லயன்லிங்க் இந்த வகை."

ஒரே சந்தேகம். ஆலை என்றாலே நம் ஊர் வாசகர்களுக்குச் செம்பனை ஆலைதான் ஞாபகம் வரும். பரவாயில்லையா?

அனுப்புநர்: பட்டர்வொர்த், பினாங்கு

முதல் தடவை 'காற்றாலைவழி இணைப்பு' என்று முழுசாக எழுதுங்கள், அப்புறம் 'ஆலைவழி' போதும். 'ஆலைவழியிணைப்பு' என்று ஒட்டிவிடாதீர்கள், வானொலியில் வாசிக்கிறவர் பாவம்.

இன்னொன்று, லயன்லிங்க் இன்னும் திட்டம்தான், கேபிள் கடலில் இறங்கவில்லை. "திட்டமிடப்பட்டுள்ள லயன்லிங்க்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.