திருநீத்துப்பச்சிலை போட்ட கஸ்டர்ட் டார்ட் ரெண்டு தடவையும் தண்ணி விட்டுருச்சு, எங்க தப்பு?

வில்லாபுரம்_அடுப்படி:
வணக்கம்ங்க. எங்க மாடியில திருநீத்துப்பச்சிலை காடு மாதிரி நிக்குது, சப்ஜா விதை வருமே அந்தச் செடிதான், பறிக்கும்போது வர்ற வாசத்துக்கே இத ஒரு இனிப்புல போட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அதான் கஸ்டர்ட் டார்ட், மைதா மாவுல கிண்ணம் மாதிரி செஞ்சு உள்ள முட்டை, பால், சீனி கலந்த கஸ்டர்ட ஊத்தி வேக வைக்கிறது. மொத தடவ இலையை பாலோட போட்டு நல்லா கொதிக்க விட்டேன், வாசம் போயி பச்சத்தழை வாடை தான் மிஞ்சுச்சு. ரெண்டாந்தடவ பொடிசா நறுக்கி முட்டைக் கலவையிலயே போட்டேன், இலையெல்லாம் கறுத்து மேல மிதக்குது, கஸ்டர்ட் ஓட்டை ஓட்டையா திரிஞ்சு தண்ணி விட்டு அடி மாவு கூழாயிருச்சு, முட்டை கவுச்சி வேற. ஓடிஜில, அந்த சின்ன கரண்ட் ஓவன்ல, 180 டிகிரில 40 நிமிஷம் வச்சேன், 9 இஞ்ச் டின். ஞாயித்துக்கிழமை அக்கா மகளுக்கு பொறந்தநாள், சீம்பால் மாதிரி வழுவழுன்னு வரணும்ங்க. க்ரீம் வாங்காம பால்லயே பண்ண முடியுமா?

பழைய_பேக்கரி_கை:
உங்க கஸ்டர்ட கெடுத்தது சூடு தான்மா. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரி சுத்தி இறுகிரும், அதத் தாண்டி வெந்துகிட்டே இருந்தா முட்டை சுருங்கி உள்ள இருக்க தண்ணிய வெளிய தள்ளிரும், அதான் அந்த ஓட்டையும் தண்ணியும். 150ல வைங்க, 30 நிமிஷத்துல இருந்து பாத்துக்கிட்டே இருங்க, ஓரம் நின்னு நடுவுல மட்டும் லேசா ஆடும்போதே எடுத்துருங்க, வெளிய வச்ச பெறகும் அந்தச் சூட்டுலயே மிச்சம் வெந்துரும். ஆடுதேன்னு பயந்து திரும்ப உள்ள தள்ளுனா பழைய கதை தான்.

க்ரீம் வேணாம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதுல 6 சதவீதம் கொழுப்பு இருக்கு, 650 மில்லி எடுத்து ஜிகர்தண்டாவுக்கு சுண்டக் காய்ச்சுவோம்ல அந்த மாதிரி அடி பிடிக்காம கிண்டி 400க்கு கொண்டு வாங்க. அடுப்ப அணைச்சிட்டு, பொங்குற சூடு அடங்குன பெறகு, 20 இலைய கையால கசக்கிப் போட்டு தட்டு போட்டு மூடிருங்க. 20 நிமிஷம் போதும். இந்த இலையோட வாசம் சூடு பட்டா பறந்துரும், அதனால தான் கொதிக்க விட்டப்ப உங்களுக்கு ஒண்ணுமே நிக்கல. வடிகட்டி, 2 முழு முட்டை, 3 மஞ்சக்கரு, 75 கிராம் சீனி, இத நுரை வராம கலக்கி வச்சு பால பைய பைய ஊத்துங்க, மறுபடி ஒரு தடவ வடிகட்டுங்க. கவுச்சிக்கு எலுமிச்சைத் தோலு, வெள்ளை இல்லாம மஞ்சளா மேல இருக்கத மட்டும் சீவி இலையோடயே போடலாம், சாறு மட்டும் வேணாம், பால் திரிஞ்சிரும். மேல கொஞ்சம் ஜாதிக்கா துருவி விடுங்க, இங்கிலாந்துல இந்த டார்ட்டுக்கு அது இல்லாம பண்ண மாட்டாங்க.

அடி மாவ மொதல்ல தனியா வேக வைக்கணும். மேல பட்டர் பேப்பர் போட்டு, மாவு உப்பாம இருக்க கொண்டக்கடலைய நெறப்பி 180ல 20 நிமிஷம், கடலைய எடுத்துட்டு பொன்னிறமா வர்ற வரைக்கும் இன்னொரு 10. அப்புறம் மிச்சமிருக்க வெள்ளைக்கருவ பிரஷ்ல தடவி 2 நிமிஷம் வைங்க, ஈரம் உள்ள எறங்காது. கடலைய வீசிறாதீங்க, சமைக்கத்தான் ஆகாது, அடுத்த டார்ட்டுக்கு அதையே போடலாம்.

திருமங்கலம்_மாடித்தோட்டம்:
அக்கா, இலை நம்ம வீட்டுதுன்னா சரி. பூ மார்க்கெட்ல மாலைக்கு விக்கிற தழைய வாங்கி இதுல போடாதீங்க, அது சாப்பிடுறதுக்குன்னு வளர்த்தது இல்ல, மருந்து அடிச்சிருப்பாங்க. பூ விட ஆரம்பிச்ச கொப்புல இலை கசக்கும், கொழுந்தா பாத்து வெள்ளன பறிங்க. நான் ஓமவல்லியில பண்ணிப் பாத்தேன், சளிக்கு குடிக்கிற கஷாயம் ஞாபகம் தான் வந்துச்சு, இனிப்புக்கு அது சேரவே இல்ல, காளானும் சீஸும் போட்டு உப்பு டார்ட்டா பண்ணுனப்ப அம்புட்டு ருசி. கொடைக்கானல் ரோஸ்மேரி கிடைச்சா ரெண்டு இஞ்ச் கொப்பு ஒண்ணு போதும், கூடுனா சோப்பு மாதிரி அடிக்கும்.

கோரிப்பாளையம்_சைவம்:
முட்டை சேராதவங்க யாராச்சும் பொறந்தநாளுக்கு வந்தா ஓரத்துல நாலு சின்ன டார்ட் கஸ்டர்ட் பவுடர்ல பண்ணி வைங்க தோழி. அந்தப் பவுடரே 1837ல பர்மிங்ஹாம்ல ஆல்ஃப்ரெட் பேர்ட்ங்கிறவரு தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்காதுன்னு தான் கண்டுபிடிச்சாரு, சோளமாவு இறுக்குறதால திரியாது. அதுக்கும் இலைய பால்ல ஊற வச்சு வடிகட்டுறது ஒண்ணு தான்.

வில்லாபுரம்_அடுப்படி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு ஒத்திகை பாத்தேன். கஸ்டர்ட் அப்படியே சீம்பால் தாங்க, கத்தி வச்சா நழுவுது, எங்க அத்தை மோந்து பாத்துட்டு கோயில் மாலை வாசம் வருதேன்னாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. மாவு தான் இந்த வெயிலுக்கு வெண்ணெய் உருகி கையில ஒட்டி தேய்க்கவே வரல, ஓரம் சரிஞ்சிருச்சு.

பழைய_பேக்கரி_கை:
200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், கட்டியா இருக்கத துருவிப் போடுங்க, ஐஸ் தண்ணி தெளிச்சு சேத்தா போதும், பிசையாதீங்க. ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல வச்சு தேய்ங்க. டின்ல போட்டதும் ஃப்ரீசர்ல அரை மணி நேரம் வச்சு அப்படியே ஓவனுக்கு மாத்துங்க, ஓரம் சரியாது. சனிக்கிழமை ராத்திரியே மாவ முடிச்சு வச்சிருங்க, ஞாயித்துக்கிழமை வெள்ளன அஞ்சு மணிக்கு கஸ்டர்ட் ஊத்திக்கலாம். ஆறுனதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, நம்ம ஊரு வெயிலுக்கு வெளிய வச்சா முட்டையும் பாலும் தாங்காது.