பழைய காருக்கு ஷாக் அப்சார்பர் மாற்றிய அனுபவங்கள்: எதை வாங்கினீர்கள், எவ்வளவு ஆனது?

திருச்சி வேகன்ஆர்:

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஷாக் மாற்றிய கதையை இங்கே எழுதினால் பலருக்கும் உதவும். கடைக்குக் கடை விலை மாறுகிறது, மெக்கானிக்குக்கு மெக்கானிக் யோசனை மாறுகிறது. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

கார் 2008 வேகன்ஆர். 15 வருஷம் முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சஸ்பென்ஷனில் கை வைத்தேன். காவிரிக்கரையை ஒட்டிப் போகும் கரூர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே பின்பக்கம் மிதக்கும். பிரேக் மிதித்தால் மூக்கு நன்றாகக் குனியும். முன் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. டயர் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்துப் போனால்தான் அப்படித் தேயும். இடது முன் ஸ்ட்ரட்டில் (முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. ஷாக்கின் மேல் லேசான ஈரப்பசை இருந்தால் பயமில்லை என்கிறார்கள். இது கீழே வரை வழிந்திருந்தது.

விசாரித்ததில் நாலு வழி தெரிந்தது. கார் கம்பெனி பெயரிலேயே வரும் ஜெனியூன். வெளிக்கடையில் கேப்ரியல். அதில் பாதி விலைக்கு, பெயர் கேள்விப்படாத ஒரு பெட்டி. கடைசியாக, இருக்கிற ஷாக்கையே ‘ரீகண்டிஷன்’ செய்வது. நான் கேப்ரியல் எடுத்தேன். 1961-இல் தொடங்கிய கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது, கார் கம்பெனிகளுக்கே ஷாக் செய்து கொடுக்கிறார்கள். இன்னும் 5 வருஷம் ஓட்டப்போகிற காருக்கு இது போதும் என்று தோன்றியது. ஜெனியூனுக்குக் கேட்ட விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இன்னும் 10 வருஷம் வைத்திருப்பேன் என்றால்கூட அந்தக் கூடுதல் பணத்தை ஷாக்கில் போட மாட்டேன், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சாமான்களில்தான் போடுவேன்.

ஏன் என்றால், ஸ்ட்ரட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பு கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. புழுதி புகாமல் மூடும் டஸ்ட் பூட் கிழிந்து வளையமாகத் தொங்கியது. மேலே ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்டில் ரப்பர் வெடித்திருந்தது, பேரிங்கைச் சுற்றினால் கரகரத்தது. “இதெல்லாம் இன்னும் ஓடும் சார், ஷாக் மட்டும் போடுவோம்” என்றார் அங்கிருந்த பையன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப் ஸ்டாப் இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ஷாக்குக்குள் போய்வரும் தண்டு, அதாவது ராட், முழுசாக இறங்கி உள்ளே இரும்பில் இரும்பு மோதும். பூட் இல்லாவிட்டால் மணல் ராடில் ஒட்டி, ஆயிலை உள்ளே தடுத்து வைக்கும் ரப்பர் சீலை (seal) அறுத்துவிடும். இரண்டுமே புது ஷாக்கை நேராகக் கொல்லும். நாளைக்கு மவுண்ட் போய்விட்டால் இதே வேலையை மறுபடி கழற்றிச் செய்ய வேண்டும், லேபரும் மறுபடி கொடுக்க வேண்டும்.

முன் ஜோடி, பின் ஜோடி, மவுண்ட், பூட், பம்ப் ஸ்டாப், லேபர், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதில் ரப்பர் சாமான்களின் பங்கு இரண்டாயிரம்கூட இல்லை. வண்டி இப்போது ஒரே ஆட்டத்தில் நிற்கிறது.

நீங்கள் எந்தக் கம்பெனி போட்டீர்கள், எத்தனை நாள் தாங்கியது என்று எழுதுங்கள்.

ஸ்பேர்ஸ் கவுன்டர், சென்னை:

ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறேன். வேகன்ஆர் சார் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது “எது நல்ல கம்பெனி?” நான் திருப்பிக் கேட்பது “வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், மாசம் எவ்வளவு ஓடும்?” கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போகிற வண்டிக்கும் வாராவாரம் மதுரை போய்வருகிற வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் யாராக இருந்தாலும் ஒற்றை ஷாக் கேட்டால் ஜோடியாக எடுக்கச் சொல்வேன். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் செத்தது என்றால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கமாக நடந்துகொள்ளும். நாலும் மாற்றப் பணம் இல்லையா, இந்த மாசம் முன் இரண்டு, அடுத்த போனஸில் பின் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பெட்டியை எப்படிப் பார்ப்பது? எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் வருஷம், கம்பெனி முகவரி மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும், சட்டப்படி கட்டாயம். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரும் ஷாக்கின் மேல் இருக்கும் நம்பரும் ஒன்றா பாருங்கள். முன் ஸ்ட்ரட்டில் இடது வேறு, வலது வேறு. பிரேக் ஹோஸ் பிடிக்கும் கிளிப் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரியும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது, டூப்ளிகேட் வந்து மாட்டிக்கொண்டால் கேட்க வழியும் கிடையாது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஆட்டோ பார்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய ஸ்டாக்கைப் பழைய எம்.ஆர்.பி.க்கே கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக அமுக்கி இழுக்க வேண்டும். படுக்க வைத்திருந்ததில் உள் குழாய்க்குள் காற்று போயிருக்கும், அது வெளியே வர வேண்டும். அமுக்கும்போது நடுவில் வெறுமையாக இறங்கினாலோ தட்டினாலோ அங்கேயே மாற்றிக் கேளுங்கள். கேஸ் ஷாக் என்றால் அமுக்கி விட்டதும் ராட் தானாக மெல்ல எழும்பும். எழும்பாவிட்டால் கேஸ் இல்லை. ஆயில் ஷாக்கில் எழும்பாது, அது இயல்பு. கேஸ் என்பது நைட்ரஜன்தான். தொடர்ந்து குலுங்கும்போது ஆயில் நுரைத்துப்போகாமல் அழுத்திப் பிடிக்கிறது. ஆயில் நுரைத்தால் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். விலை வித்தியாசம் அதிகமில்லை என்றால் கேஸ் எடுங்கள்.

வாரண்டி கேட்டுத் திரும்பி வரும் ஸ்ட்ரட்டுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். மேல் நட்டை முறுக்கும்போது ராட் சுற்றும். அது சுற்றாமலிருக்க பளபளப்பான ராடையே பிளையர் வைத்துப் பிடித்திருப்பார்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் சீலைக் கிழிக்கும், கொஞ்ச நாளில் ஆயில் கசியும். பிளையர் தடம் இருந்தால் எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதை மட்டுமாவது பாருங்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கயிறோ கம்பியோ கட்டிச் செய்கிற பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. நம் வண்டிக்காக இன்னொருவர் அடிபடக் கூடாது.

நாகர்கோவில் ஐ10:

என்னுடையது 2009 ஐ10. ஸ்பீட் பிரேக்கரிலும் உடைந்த ரோட்டிலும் முன்பக்கம் “டக் டக்” என்று சத்தம். ஒரு பட்டறையில் இரண்டு ஸ்ட்ரட்டும் போய்விட்டது என்று சொல்லி எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பட்டறைப் பெயர் வேண்டாம்.

என் மாமா லாரி மெக்கானிக்காக இருந்தவர். “சத்தம் வேற, ஆட்டம் வேற மா. ஷாக் போனா வண்டி ஆடும். வண்டி ஆடாம சத்தம் மட்டும் வந்தா மொதல்ல மத்ததைப் பாரு” என்றார். வேறு இடத்தில் வண்டியைத் தூக்கி, ஒவ்வொன்றாகக் கம்பி வைத்து நெம்பிப் பார்த்தார்கள். வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடு இரண்டும் லூஸ், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. ஸ்ட்ரட்டில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. லிங்க் ராடும் புஷ்ஷும் மாற்றியதோடு சத்தம் நின்றது. ஸ்ட்ரட் ஜோடியின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

அடுத்த வருஷம் சத்தம் இல்லாமலே வண்டி மிதக்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஸ்ட்ரட் மாற்றினேன், மவுண்டோடு சேர்த்து. நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் ஸ்பிரிங் “டொய்ங்” என்று துள்ளினால் அது மவுண்ட் பேரிங் என்பதையும் மாமாதான் காட்டிக் கொடுத்தார். அந்த அறிகுறி எனக்கு இருந்தது, மவுண்ட் மாற்றியதும் போய்விட்டது.

பெண்கள் தனியாகப் போனால் எஸ்டிமேட் பெரிசாகிறது என்று சொல்வார்கள். வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், கசிவு எங்கே என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கொழும்பு 121:

இங்கே எங்கட நிலைமை கொஞ்சம் வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த 5 வருசமும் ஆரும் வாகனம் மாற்ற ஏலாமல் இருந்ததையே திருத்தி ஓடினோம். என்னிடம் இருக்கிறது கொரோலா 121.

கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யப்பானில் கழற்றின சொக் அப்சோபர் ஜோடியாகக் கிடைக்கும். இங்கே ‘ரீகண்டிஷன்’ என்றால் அதுதான். அங்கே நல்ல ரோட்டில் ஓடினது, ஒறிஜினல் சாமான், விலையும் குறைவு. ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்ல ஏலாது. நான் டஸ்ட் பூட்டை மேலே தூக்கி, ராட் முழுக்க நகத்தால் இழுத்துப் பார்ப்பேன். பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுகிற இடத்தில் ஓடின கார் என்றால் குரோமில் சின்னச் சின்னத் துரு ஓட்டை இருக்கும். நகம் தடக்கினால் வேண்டாம். பிறகு அமுக்கிப் பார்ப்பேன், இரண்டும் ஒரே வேகத்தில் எழும்ப வேண்டும்.

முதலில் அப்படி ஒரு பின் ஜோடி போட்டது, நல்லாகவே ஓடினது. முன்னுக்கு மட்டும் புதிசாக யப்பான் கம்பெனி கேஒய்பியின் எக்செல்-ஜி எடுத்தேன். முன் ஸ்ட்ரட் மாற்றுகிற வேலை பெரிசு, கழற்றின சாமான் போட்டு ஒரு வருசத்தில் திரும்பக் கழற்ற எனக்கு விருப்பமில்லை. பின்னுக்கு வேலை சுகம், பழுதானாலும் கூலி குறைவு. காசு குறைவானவைக்கு இந்தப் பிரிப்பு உதவும் என்று நினைக்கிறன்.

சேலம் டிரைவர்:

இந்தியாவில் ‘ரீகண்டிஷன்’ என்று விற்பது கொழும்பு அண்ணன் சொல்வது அல்ல. இங்கே பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயிலை ஊற்றி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்கள். தேய்ந்த சீலும் வால்வும் அப்படியேதான் இருக்கும், கேஸ் போனது போனதுதான். சொந்தக்காரர் ஒருவரின் சான்ட்ரோவில் போட்டார்கள், அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்ப ஒழுகியது. மலைப்பாதை ஏறுகிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கும் திருப்பமும் சேர்ந்து வரும்போது டயர் ரோட்டைப் பிடித்திருக்க வேண்டும், அந்த இடத்தில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் எதற்கு?

ஸ்பிரிங் நடுவில் சொருகுகிற ரப்பர் குஷனும் அப்படித்தான். வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், ஆட்டத்தை அது அடக்காது. செத்த ஷாக்குக்கு அது மருந்து இல்லை.

திருச்சி வேகன்ஆர்:

எல்லோருக்கும் நன்றி. கவுன்டர் அண்ணே, ஒரு கேள்வி. என் வண்டியில் ஸ்பிரிங் பழசையே போட்டோம். அதை எப்போது மாற்ற வேண்டும்?

ஸ்பேர்ஸ் கவுன்டர், சென்னை:

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான் சார், ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை டேப் வைத்து இடது வலது இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிற அளவு இருந்தாலோ, அடிச்சுற்றில் துருவோ வெடிப்போ இருந்தாலோ ஜோடியாக மாற்றுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் பழசு போதும், வீண் செலவு வேண்டாம். ஆனால் ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் வரும் ரப்பர் சீட் கிழிந்திருந்தால் அதை மட்டும் வாங்கிப் போடுங்கள், விலை ரொம்பக் குறைவு.

அப்புறம், பின் ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக முறுக்கியிருந்தால் ஒரு தடவை சரிபாருங்கள். சக்கரம் தரையில் பதிந்து வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் அந்த ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். லூஸ் செய்து, தரையில் வைத்துத் திரும்ப இறுக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது.