கிரோன் என்றார்கள், எனக்கு டி.பி. என்று பட்டது

நான் இரைப்பை, குடல் நோய்களுக்கான டி.எம். மேற்படிப்பு படித்தது சென்னையில். இங்கிலாந்து வந்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் சேர்ந்த புதிதில், கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையே வேறு உலகமாக இருந்தது. நம்ம ஊரில் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு பெரும்பாலும் தூங்க வைத்துவிடுவோம். இங்கே பலர் விழித்தபடியே, வலி தெரியாமலிருக்க நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயுவை உறிஞ்சிக்கொண்டு, நம்மோடு சேர்ந்து திரையைப் பார்க்கிறார்கள். ஸ்கோப்பை ஓட்டிக்கொண்டே பேச வேண்டும். பழகச் சில மாதங்கள் ஆயின.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அவர். 34 வயது, குஜராத்திக்காரர், கிடங்கில் இரவு வேலை. வலது அடிவயிற்றில் வலி, சாயங்காலமானால் காய்ச்சல், 10 கிலோ இளைத்திருந்தார். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண். இங்கே அதைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது கிரோன் நோய்தான், கிருமியால் வராத நாள்பட்ட குடல் அழற்சி. ஸ்கேன் அறிக்கையும் அதையே சொன்னது. ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்று மீட்டிங்கில் முடிவாகப் போகிற நேரம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கிரோன் புண் பொதுவாக நீளவாக்கில் ஓடும். இது குடலைச் சுற்றிக் குறுக்கே ஓடியது. இரு குடல்களுக்கும் நடுவிலுள்ள வால்வு வேறு மூடாமல் திறந்தபடி நின்றது. இரண்டும் டி.பி.யைத்தான் நினைக்க வைத்தன. டி.பி.யாக இருந்து ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிருமி உடம்பெல்லாம் பரவிவிடலாம். "நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே?" என்றார் மூத்த மருத்துவரான கன்சல்டன்ட். குடல் டி.பி. வந்த பலருக்கு நெஞ்சில் ஒன்றும் இருக்காது சார், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வரும்வரை பொறுப்போம் என்றேன். பொறுத்தார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

கல்ச்சருக்கு நான் முன்னமே அனுப்பியிருந்தேன். பயாப்ஸிக்குச் சதைத் துண்டு எடுக்கும்போது நர்ஸ் வழக்கம்போல், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் குப்பியை நீட்டினார். இரண்டு துண்டுகளை மட்டும் சலைனில் போடச் சொன்னேன். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், அப்புறம் எதை வளர்ப்பது? இங்கே வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

நான்காவது வாரம் டி.பி. கிருமி வளர்ந்தது. போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நோயாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "விசாவை ரத்து பண்ணிடுவாங்களா? பில் எவ்வளவு வரும்?" இந்த நாட்டில் டி.பி. சிகிச்சை எந்த விசாவில் இருப்பவருக்கும் இலவசம். விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். மறுமுனையில் அழுகைச் சத்தம். மொழிபெயர்ப்பாளரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. இரண்டாம் மாத முடிவில் மறுபடி ஸ்கோப் போட்டோம். புண் ஆறி, வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. "இங்கேதான் இருந்தது" என்று திரையில் காட்டினேன். வாயிலிருந்த வாயுக் குழாயை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"அப்போ திங்கட்கிழமை ராத்திரி வேலைக்குப் போகலாமா டாக்டர்?"