பழைய காரின் அடிப்பாகத்தில் துரு: வெட்டி ஒட்டுவதா, மருந்து பூசினால் போதுமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். என்னுடைய பழைய காரை லிஃப்டில் ஏற்றியபோது கீழே இருந்த கறுப்பு ரப்பர் கோட்டிங் சில இடங்களில் உப்பியிருந்தது, ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தால் கோட்டிங் பாளம் பாளமாக வருகிறது, உள்ளே ஈரமும் செதில் செதிலாகத் துருவும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கிறது, அதுதான் கடுப்பு.

ஃப்ளோரில் இருப்பது பெரும்பாலும் மேல்துரு. கவலை சில் (sill, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற தகரப் பெட்டி) பகுதியில்தான். ஜாக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரம் அமுங்குகிறது, கீழே உள்ள வடிகால் ஓட்டைகள் மண்ணால் அடைத்துக் கிடந்தன, அப்புறம் தண்ணீர் உள்ளேயே நின்று அரிக்காமல் என்ன செய்யும்?

மெக்கானிக் ஒருவர் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை வேதிமுறையில் மாற்றும் மருந்து) அடித்து மேலே புது கோட்டிங் போட்டால் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கன்வெர்ட்டர் மேல்துருவை மாற்றுமே தவிர, போன தகரத்துக்குப் பலம் தராது, ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் இன்னும் மோசம். சில் என்பது பாடியின் பலத்தைத் தாங்கும் பாகம் வேறு.

அமுங்கும் இடத்தை வெட்டி வெல்டிங் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பேட்ச் போதுமா, முழு சில்லையும் மாற்ற வேண்டுமா? வெல்டிங்குக்குப் பிறகு உட்புறத்துக்கு கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்க உள்ளே அடிக்கும் மெழுகு) அடித்தது நீடித்ததா? பிரேக் பைப்பிலும் துரு தெரிகிறது, அதை யோசிக்காமல் மாற்றிவிடப் போகிறேன். பழைய ரப்பர் கோட்டிங்கை முழுதாகச் சுரண்ட எளிய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.