ஒரு நாள் உணவுக் கணக்கில் 4,000 கலோரி வருகிறது: தவறு எங்கே?

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் 32 வீடுகளுக்குச் சென்று, முந்தைய நாள் உண்டவற்றைப் பெண்களிடம் கேட்டு எழுதினேன். கணக்கிட்டால் பலருக்கும் 4,000 கலோரியைத் தொடுகிறது. மெலிந்த உடல்வாகுள்ள கூலிப் பெண்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? திங்கட்கிழமை அறிக்கை தர வேண்டும், உடனே உதவுங்கள்.

மருதநிலம்:
எந்த மாதம் கேட்டீர்கள்? சோற்றை எதைக் கொண்டு அளந்தீர்கள்? எந்தச் சத்து அட்டவணையைப் பயன்படுத்தினீர்கள்? இவை தெரியாமல் எவராலும் விடை சொல்ல முடியாது.

ஊர்ச்செவிலி:
எனக்கு ஐயமே இல்லை, கூட்டிச் சொல்கிறார்கள். விசாரிக்க வந்தவரிடம் குறைத்துச் சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். வெறும் தேநீரோடு காலையைக் கழித்தவர் நான்கு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

களஆய்வர்:
முதலாண்டுப் பாடத்திலேயே உள்ள செய்தியைப் படிக்காமல் களத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும். கனமான ஐதரசனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, சிறுநீரைச் சோதித்து, உடல் செலவிடும் ஆற்றலைக் கண்டறியும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், மக்கள் பெரும்பாலும் தாம் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ஆகவே பழியை அந்தப் பெண்கள்மீது போடாதீர்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
மன்னியுங்கள், அவசரத்தில் விட்டுவிட்டேன். தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பயன்படுத்தினேன். ஓர் அம்மாவுக்குக் காலைப் பழையது 500 கிராம், மதியமும் இரவும் சேர்த்துச் சோறு 450 கிராம். 100 கிராமுக்கு 356 கலோரி என்று போட்டேன்.

மருதநிலம்:
அங்கேதான் தவறு, சகோதரி. அந்த அட்டவணையில் உள்ள 528 உணவுகளில் பெரும்பாலானவை சமைக்காத பொருள்கள். 356 என்பது அரிசிக்கு உரியது, சோற்றுக்கு அன்று. ஒரு கிலோ அரிசி வெந்து வடித்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகிறது, கூடுவதெல்லாம் தண்ணீர். ரேஷன் புழுங்கலுக்கும் கடைப் பொன்னிக்கும் இந்த அளவு வேறுபடும் என்பதால், அந்தந்த வீட்டு உலை அரிசியையும் வடித்த சோற்றையும் நிறுத்துப் பார்த்து, ஒருவர் பங்கை அரிசிக் கணக்குக்குத் திருப்புங்கள். பழையதை நீராகாரத்தோடு சேர்த்து நிறுத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

ஊர்ச்செவிலி:
கணக்குத் தவறை ஏற்கிறேன். ஆனாலும் ஒரே நாளைக் கேட்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் கேட்டால் கருவாடே உண்ணாத ஊர் என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வோர் உணவையும் மாதத்துக்கு எத்தனை முறை உண்கிறீர்கள் என்று கேட்கும் வினாத்தாளே மேல்.

களஆய்வர்:
அந்த வினாத்தாளின் பட்டியலில் இல்லாத உணவு கணக்கிலேயே வராது என்பதை மறந்துவிட்டீர்கள். ஊட்டச்சத்து ஆய்வாளர் வால்டர் வில்லட் குழுவினர் அமெரிக்கச் செவிலியர்களுக்காக அமைத்து 1985இல் வெளியிட்ட வினாத்தாளில் 61 உணவுகளே இருந்தன. அதைத் தமிழாக்கினால் அயிரை மீனும் முருங்கைக்கீரையும் எங்கே வரும்? ஓர் ஊரின் சராசரியை அறிய ஒரு நாள் கேள்வி போதும். கேட்கும் நாள்களை வாரம் முழுவதும் பரப்பிக்கொண்டால் சரி.

ஊர்ச்செவிலி:
ஊரின் சராசரிக்குப் போதும், ஆனால் எந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைவாகக் கிடைக்கிறது என்று தனித்தனியாகச் சொல்ல அது போதாது. நான் மருந்து கொடுப்பது சராசரிக்கு அல்ல, ஐயா, ஆளுக்கு.

மருதநிலம்:
இருவர் சொல்வதும் பொருந்தும், அதனால்தான் பல ஆய்வுகளில் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கேட்டவர் பழையதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

வெண்ணாற்றங்கரை:
இன்று அதே வீட்டுக்குச் சென்று நிறுத்தேன். ஒரு கிலோ அரிசிக்கு 2.7 கிலோ சோறு வந்தது. அந்த அம்மா கும்பாவில் கையை விட்டுப் பருக்கைகளைப் பிழிந்து தனியே வைத்துக் காட்டினார். 500 கிராமில் 200 கிராம் நீராகாரம். எஞ்சிய 750 கிராம் சோறு 278 கிராம் அரிசிக்குச் சமம், அதாவது 990 கலோரி. நான் எழுதியிருந்தது 3,380. மற்ற 31 வீடுகளுக்கு நாளை தராசோடு போகிறேன். நன்றி.