13 வயது மகளுக்கு ஹீரோயின் வாய்ப்பு: ஒத்துக்கொள்ளலாமா?

சாலிகிராமம் அம்மா:
மகள் சின்ன வயதிலிருந்தே நடிக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்பு, வயது 13. போன மாதம் ஒரு பட பூஜைக்குப் பாவாடை தாவணியில் போனாள். அந்தப் போட்டோக்களுக்குக் கீழே ஆண்கள் எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை. அதே வாரம் ஒரு மேனேஜர் போன் செய்து, "இனிமேல் பேபி என்று போட வேண்டாம், ஹீரோயினாகவே கேட்கிறார்கள்" என்கிறார். ஹீரோவுக்கு முப்பதுக்கு மேல். வந்த வாய்ப்பை விடக்கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். மகள் வாயே திறக்கவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய குழந்தை நட்சத்திரம்:
வேண்டாம் அக்கா. இதே வயதில் எனக்கும் இது நடந்தது. காஸ்ட்யூமர் அளவு எடுக்கும்போது சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். "புடவை கட்டிவிட்டால் பதினெட்டு என்று சொல்லிவிடலாம்" என்று ஒருவர் என் அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. படம் வந்த பிறகு, அதுவரை என்னைக் கன்னத்தில் கிள்ளிய தெரு மாமாக்கள் பார்த்த பார்வையே வேறு. டியூஷனுக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீதேவியைச் சொல்வார். 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவருக்கு 13 வயதுதான். ரஜினிக்கு மாற்றாந்தாயாக நடித்தார், பிரமாதமாக நடித்தார். அது அவருடைய திறமை. அதற்காக அந்த வயதில் அந்தச் சுமையை ஏற்றியது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஷாலினியையும் பாருங்கள். 80-களில் பேபி ஷாலினியைத் தெரியாத வீடு உண்டா? அப்புறம் சில வருஷம் ஒதுங்கியிருந்தார். 1997-ல் 'காதலுக்கு மரியாதை'யில் கதாநாயகியாக வந்தபோது ஜனங்கள் அவரை மறந்தா போனார்கள்?

மகள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் மட்டும் கேளுங்கள். "நீ வேண்டாம்னு சொன்னா வீட்டுக்கு ஒரு கஷ்டமும் வராது" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

ஒரு வக்கீல்:
14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்க வைக்க, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம்தான் வேலை, அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரிலேயே வைப்பு நிதியாகப் போக வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு எதிராக நடிக்க வைக்கக்கூடாது. 14 முடிந்துவிட்டால் இந்த விதி பொருந்தாது. அதன் பிறகு நடிக்க வைப்பதென்றால் வேலை நேரம், உடை, காட்சி எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கமெண்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 18 வயது வரை பொருந்தும்.

சாலிகிராமம் அம்மா:
நேற்று ராத்திரி தலை பின்னிவிடும்போது கேட்டேன். "டான்ஸ் பிடிக்கும்மா, இந்தப் படம் வேண்டாம். ஆனா அப்பாவோட வீட்டு லோன்?" என்றாள். இவ்வளவு நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான்.

பழைய குழந்தை நட்சத்திரம்:
கோபப்படட்டும். லோன் பேச்சை இனிமேல் அவள் காதில் விழாமல் பேசுங்கள். அவள் பெயரிலிருக்கும் ஃபோட்டோ பக்கத்தையும் மூடிவிடுங்கள், அது பெரும்பாலும் மேனேஜர் கையில்தான் இருக்கும். வீட்டுக்காரர் சமாதானமாகவில்லை என்றால் சொல்லுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.