300 டாலருக்கு 15,500 ஏக்கர்: கிங் ராஞ்ச் முறையான கிரயமா, கபளீகரமா?

பழம்பத்திரம்:
தெற்கு டெக்சாசில் இன்றும் 8,25,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் கிங் ராஞ்ச் என்னும் மேய்ச்சல் பண்ணையை, தனி மனித உழைப்புக்குச் சான்றாகச் சென்ற வாரம் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அதை மறுக்கவே இவ்விழையைத் தொடங்குகிறேன். 1824இல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்து, நகைத் தொழில் பழக விடப்பட்ட இடத்திலிருந்து தப்பிக் கப்பலேறி, பின்னர் மெக்சிகோ எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிப் பொருள் சேர்த்த ரிச்சர்ட் கிங்கின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1853இல் ரின்கோன் டி சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற 15,500 ஏக்கரை அவர் வாங்கிய விலை 300 டாலர். கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூடத் தேறாது. மறு ஆண்டே அதையடுத்த சுமார் 53,000 ஏக்கர் 1,800 டாலருக்கு அவர் கைக்கு வந்தது. விற்றவர்கள் மெக்சிகோக் குடும்பத்தினர். அமெரிக்காவுடனான போரில் மெக்சிகோ தோற்று, 1848 உடன்படிக்கையால் தங்கள் நிலப்பகுதி அயல் நாட்டிடம் போகக் கண்டவர்கள் விற்ற விலையைச் சந்தை விலை என்று எப்படிச் சொல்வது?

திமில்காளை:
ஐயா, சென்ற வாரம் எழுதியவன் நான்தான். விலையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நுவேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதி அன்று நீர் அருகிய, கொமாஞ்சிப் பழங்குடியினரின் குதிரைப் படைகளுக்கு அஞ்ச வேண்டிய வெளி. ரின்கோன் நிலத்தின் வாரிசுகள் ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோவின் கமார்கோவில் வாழ்ந்தார்கள். தாங்கள் குடியிருக்க முடியாத, பிறர் கேட்டு வராத நிலத்தைக் கையில் காசு வாங்கிக்கொண்டு விற்றார்கள். கிங் பத்திரம் எழுதி, பணம் கொடுத்து, வாரிசுகளைத் தேடிச் சென்று வாங்கினார். அவர் காலத்தில் அந்த வட்டாரத்தில் பலர் துப்பாக்கியைக் காட்டியே வேலியிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

பழம்பத்திரம்:
நிலத்தின் விலை ஏன் தாழ்ந்தது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானதொன்று விடுபட்டிருக்கிறது: வில்லங்கம். சொத்துரிமை காக்கப்படும் என்று 1848 உடன்படிக்கை சொன்னாலும், ஸ்பானிய மன்னரும் மெக்சிகோ அரசும் வழங்கிய நிலம் தம்முடையதே என்று மெய்ப்பிக்கும் சுமை, ஆங்கிலம் அறியாத பழைய உரிமையாளர் தலையில் விழுந்தது. அதற்காக டெக்சாஸ் அரசு ஓர் ஆணையத்தை அனுப்பியது. ரியோ கிராண்டேக் கரை மக்கள் நம்பி ஒப்படைத்த மூலப்பத்திரங்கள் பலவற்றை ஏற்றிச் சென்ற ஆன்சன் என்ற கப்பல் 1850இல் மூழ்கிவிட்டது. தாய்ப்பத்திரம் கடலுக்குள் போய், வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசும் இல்லாத அந்த மண்ணில் விற்பனைக்கு வந்து நிற்பவனுடைய பேரம் பேசும் வலிமை எவ்வளவு என்று நம் ஊரில் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்குக்கூடப் புரியும்.

இன்னொன்றும் உண்டு. 1875இல் மெக்னெல்லி தலைமையிலான டெக்சாஸ் ரேஞ்சர் படைக்குக் குதிரைகள் தந்தவர் கிங். அந்தப் படை எல்லை தாண்டிச் சென்று அவரிடமிருந்து திருடப்பட்ட மாடுகளை மீட்டுவந்தது. தன் மாட்டுக்காக அரசின் படையே ஆறு தாண்டும் செல்வாக்குடைய அண்டை வீட்டுக்காரரிடம் யார் விலை பேசுவார்கள்?

திமில்காளை:
மாடுகள் திருடப்பட்டன என்பது உண்மை, மீட்டது குற்றமா? மேலும், 1875இல் நடந்ததைக் காட்டி 1853இன் கிரயத்தைக் குறை சொல்வது காலத்தைப் பின்னோக்கி இழுப்பதாகும். கப்பல் மூழ்கியதற்கும் கிங் பொறுப்பல்லர்.

கால்நடை மருத்துவன்:
இருவரும் நிலத்தோடு நின்றுவிட்டீர்கள். ஒரு படகோட்டிக்கு மாடு மேய்க்கத் தெரியாது. 1854 வறட்சியில், மெக்சிகோவின் தமவுலிபாஸ் மாநிலத்துக் குருய்யாஸ் என்ற சிற்றூரில் கிங் மாடுகளையெல்லாம் விலைக்கு வாங்கிவிட்டு, பிழைக்க வழியின்றி நின்ற மக்களையும் தம்மோடு வருமாறு அழைத்தார். நூறு பேருக்கும் மேல் குடும்பம் குடும்பமாக நடந்து வந்தார்கள். 'கிங்கின் ஆட்கள்' என்ற பொருளில் கினேன்யோ என்று பெயர் பெற்ற அவர்களே குதிரை பழக்கவும், சுருக்குக் கயிறு வீசவும், மந்தைக்குச் சூட்டுக்குறி போடவும் அறிந்தவர்கள். பண்ணையின் பெயர்பெற்ற தொழிலறிவு அவர்களுடையது.

அதே நேரத்தில் பின்வந்தவர்களின் பணியையும் நான் மதிக்கிறேன். கிங் 1885இல் இறந்தபோது ஆறு லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலமும் ஐந்து லட்சம் டாலர் கடனும் இருந்தன. மனைவி ஹென்ரியட்டாவும் மருமகன் ராபர்ட் கிளெபர்க்கும் அதை மீட்டார்கள். 1899இல் ஆழத்திலிருந்து தானே பொங்கும் ஊற்று கிடைத்தபின் அந்த வறண்ட நிலத்தின் கதையே மாறியது. அடுத்த தலைமுறையில் 1920இல் பிறந்த மங்கி என்ற பொலிகாளையின் வழிவந்த சான்டா கெர்ட்ரூடிஸ் இனம் 1940இல் அமெரிக்க வேளாண் துறையின் ஏற்பைப் பெற்றது. அதன் குருதியில் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன் என்ற இங்கிலாந்து மாட்டினம், எட்டில் மூன்று பங்கு பிராமன். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அந்தப் பிராமன் என்பது ஓங்கோல், கிர் முதலிய நம் நாட்டுத் திமில் மாடுகளின் வழித்தோன்றலே.

இங்கே ஒரு வேடிக்கை. உண்ணிக் காய்ச்சலை ஒழிக்க மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுப்பதில் முன்னோடியாக நின்ற இதே பண்ணை, வேட்டைக்காக இந்திய நீல்காய் மான்களையும் கொண்டுவந்து விட்டது. அவை இன்று தெற்கு டெக்சாசில் பல்லாயிரமாகப் பெருகி, அந்த உண்ணியைச் சுமந்துகொண்டு வேலி தாண்டித் திரிகின்றன.

பழம்பத்திரம்:
மருத்துவர் ஐயா, கினேன்யோக்களைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் வீடும் படியும் பள்ளியும் முதலாளி தந்தார் என்பதை நன்மைக் கணக்கில் மட்டும் எழுத முடியாது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டிய வாழ்க்கையை நம் மொழி பண்ணையாள் என்ற சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. நான்கு தலைமுறை உழைத்தவர்கள் பெயரில் எத்தனை ஏக்கர் பதிவாயிற்று?

திமில்காளை:
அந்தச் சொல்லை அப்படியே அங்கே ஒட்டவைக்க நான் தயங்குவேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் வடக்குப் படையினர் கிங்கைத் தேடிப் பண்ணை வீட்டைச் சூழ்ந்தபோது, வீட்டில் காவலிருந்த பிரான்சிஸ்கோ அல்வரடோ சுடப்பட்டு இறந்தார். 1915இல் நோரியாஸ் பண்ணைப் பகுதி தாக்கப்பட்டபோது அதைக் காத்து நின்றவர்களுள் ஒருவர் லவ்ரோ கவாசோஸ். பின்னாளில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவருடைய மக்களில் ஒருவர் 1988இல் அமெரிக்கக் கல்விச் செயலராகி, அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி வழியினர், ஆனார். இன்னொருவர் அந்நாட்டுப் படையின் முதல் ஹிஸ்பானிய நான்கு நட்சத்திரத் தளபதி. வெறும் அடிமைத்தனம் இத்தகைய குடும்பத்தை உருவாக்குமா?

பழம்பத்திரம்:
நோரியாசை நீங்களே எடுத்தது நல்லது. அந்தத் தாக்குதல் முடிந்தபின், தாக்க வந்தவர்களில் இறந்தவர்களின் உடல்களைக் கயிற்றில் கட்டி, குதிரைமேல் அமர்ந்து நிழற்படத்துக்கு நின்ற ரேஞ்சர்களை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஆண்டு எல்லைப் பகுதியில் குற்றம் செய்யாத மெக்சிக வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒரு கவாசோஸ் பண்ணைக்குள்ளிருந்து சுட்டார் என்பதால் வேலிக்கு வெளியே மாண்டவர்கள் கணக்கில் வராமல் போய்விட மாட்டார்கள்.

பத்திரம் முறையானது என்றீர்களே, அதற்கும் ஒன்று. முதல் 15,500 ஏக்கரில் பாதி தன் கணவருடையது என்று ஹெலன் சாப்மன் என்ற கைம்பெண் வழக்குத் தொடுத்தார். 1883இல் சிறு தொகை தரும் தீர்ப்போடு அது முடிந்தது. அவருக்காக வாதாட வேண்டிய வழக்கறிஞர் ராபர்ட் கிளெபர்க், அப்போதே கிங்கிடம் ஊதியம் பெற்றார் என்று வாரிசுகள் நூறாண்டு கழித்து வழக்காடினார்கள். பின்னாளில் கிங்கின் மருமகனானவரும் அவரே.

திமில்காளை:
2003இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் பண்ணையின் பக்கமே தீர்ப்பளித்தது என்பதையும் எழுதியிருக்கலாம்.

பழம்பத்திரம்:
எழுதுகிறேன். பழைய தீர்ப்பைத் திறக்கத் தக்க வகையான மோசடிக்கு ஆதாரம் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். கதவு திறக்கப்படவில்லை, உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

திமில்காளை:
அந்த ஒரு வழக்கில் எனக்கும் நெருடல் உண்டு. இரு பக்கமும் ஊதியம் பெற்றார் என்பது மெய்யானால் எந்த நியாயமும் அதற்குப் பொருந்தாது. ஆனால் ஒரு பாதிப் பங்கின் கறையை எட்டு லட்சம் ஏக்கர்மேல் பூசுவதை ஏற்க மாட்டேன். அடுத்தடுத்து வாங்கிய நிலங்களின் கிரயங்களைத் தனித்தனியே எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாகப் பேசுவோம்.